நோய் அவருடையது, கவலை மற்றவர்களுடையது

கெண்டைக்கால் தசை காரணமின்றித் துடிக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போனதுபோல் இருக்கின்றன. மாடிப்படி ஏறும்போது கால் சற்றே கனக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் சென்றால், நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று பார்க்கும் சோதனையையும், தசைக்குள் மெல்லிய ஊசி செலுத்திப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனையையும் எழுதித் தருகிறார். முடிவுத்தாளில் ஏதோ ஓர் எண் மட்டும் வழக்கமான அளவுக்குச் சற்று வெளியே நிற்கிறது. மருத்துவரை மீண்டும் பார்க்கப் பத்து நாள்கள் ஆகும். அந்தப் பத்து நாள்களும் அந்த மனிதர் படும் பாடு எந்தச் சோதனையிலும் பதிவாவதில்லை. நள்ளிரவில் கைப்பேசியில் தேடுகிறார். இருப்பவற்றிலேயே மிகக் கொடிய நோயின் பெயரைக் கண்டெடுத்து, அதன் அறிகுறிகள் அனைத்தும் தமக்கு இருப்பதாக விடிவதற்குள் முடிவு செய்துவிடுகிறார்.

சோதனைக்கூடங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் இது பல குடும்பங்களில் காணும் காட்சிதான். நோயைப் பற்றிப் பேச மருத்துவர்கள் இருக்கிறார்கள். நோய் உறுதியாவதற்கு முன்பே வந்து அமர்ந்துகொள்ளும் அச்சத்தைப் பற்றி எவரிடம் பேசுவது? அதைச் சிந்திப்பதற்குத் திருவண்ணாமலையில் 54 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கை நமக்குத் துணைபுரியும். ரமண மகரிஷியை ஞானியாக உலகம் அறியும். ஒரு நோயாளியாக அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அவருடைய தத்துவத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமது உடலோடும், உடல் தரும் அச்சத்தோடும் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதே இங்குப் பொருள். இறை நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் அதை ஒருங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் சுந்தரம் ஐயர், அழகம்மாள். இட்ட பெயர் வேங்கடராமன். தந்தை ஊரில் மதிப்புப் பெற்ற வழக்குரைஞர். 1892-இல் அவர் மறைந்தபோது வேங்கடராமனுக்கு வயது 12. குடும்பம் பிரிய நேர்ந்தது. அண்ணன் நாகசுவாமியோடு வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார்.

படிப்பில் பெரிய நாட்டம் இல்லை. உடல் வலிமையில் குறைவும் இல்லை. மற்போர், கால்பந்து, நீச்சல் ஆகியவற்றில் ஈடுபாடு மிகுந்த மாணவர். அவருடைய உறக்கம் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. விழித்திருக்கும்போது அவரிடம் மோத அஞ்சிய பையன்கள், உறங்கும்போது தூக்கிக்கொண்டுபோய் அடித்துவிட்டு மீண்டும் கொண்டுவந்து படுக்கவைப்பார்களாம். அவருக்கு அது தெரியவே தெரியாதாம். பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியவர்கள் இதை நகைச்சுவையாகக் குறிப்பிடுவது வழக்கம். நமக்கு வேண்டிய செய்தி அதில் ஒன்று உண்டு. எந்த நோயும் அண்டாத உடல் அது.

அந்த உடலில்தான் 1896 ஜூலை நடுவில் அச்சம் வந்து புகுந்தது. மதுரை வீட்டின் மாடியறையில் தனியே அமர்ந்திருந்தார் 16 வயது வேங்கடராமன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, மயக்கமும் இல்லை. ஆயினும் தாம் இப்போதே சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென அவரைப் பற்றிக்கொண்டது. மருத்துவரையோ, பெரியவர்களையோ, நண்பர்களையோ அழைக்க அவருக்குத் தோன்றவில்லை. அங்கேயே படுத்தார். கைகால்களை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடி, பிணம்போல் கிடந்தார். சாவு என்றால் என்ன, சாவது எது என்ற கேள்வியைத் தமக்குள் எழுப்பி அதைக் கடைசிவரை தொடர்ந்தார். உடல் சாகலாம், உடலை அறிந்துகொண்டிருப்பது சாவதில்லை என்ற தெளிவு அங்கே அவருக்குப் பிறந்தது என்று, பிற்காலத்தில் அவரிடமே கேட்டறிந்து 1931-இல் வரலாறு எழுதிய நரசிம்ம சுவாமி பதிவு செய்திருக்கிறார். பயம் வந்த வழியே போயிற்று. பிறகு திரும்பி வரவில்லை.

இந்த நிகழ்ச்சிக்கு ஆன்மிகப் பொருள் கூறுவோர் கூறட்டும். நாம் கவனிக்க வேண்டியது மிக எளிய ஓர் உண்மை. அச்சம் வந்தது, நோய் இல்லை. அஞ்சுகிறோம் என்பதே நோய் இருப்பதற்குச் சான்று என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உள்ளுக்குள் ஏதோ சொல்கிறது, அது பொய்யாகாது என்கிறோம். நல்ல உடல்நலமுள்ள ஒரு பள்ளி மாணவனுக்கு அந்த உள்ளுணர்வு சாவு நெருங்கிவிட்டது என்றே சொன்னது. அதன் பிறகு அந்த உடல் ஏறக்குறைய 54 ஆண்டுகள் வாழ்ந்தது.

1896 ஆகஸ்ட் 29 அன்று அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுச் சென்றார். ரயிலிலும் நடையிலுமாகப் பயணம். வழியில் கைப்பணம் தீர்ந்தது; காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். செப்டம்பர் 1 அன்று காலை திருவண்ணாமலையை அடைந்து அருணாசலேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார். அதன் பின் அந்த மலையின் எல்லையைவிட்டு அவர் வெளியூர் சென்றதே இல்லை.

தொடக்க ஆண்டுகளில் தம் உடலை அவர் நடத்திய விதத்தைப் போற்றத்தக்க முன்மாதிரி என்று கூற இயலாது. ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்தபோது சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அதனால் இருளடைந்த பாதாள லிங்கத்துக்குள் சென்று அமர்ந்தார். பூச்சிகள் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கின. குருதியும் சீழும் வடிந்தன. அசையாமல் அமர்ந்திருந்தவரை மற்றவர்கள் தூக்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. 1897-இல் ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்னும் இடத்துக்குச் சென்ற பிறகும் இதே நிலைதான். நாளெல்லாம் அமர்ந்த இடத்திலேயே இருந்தமையாலும், மிகக் குறைவாகவே உண்டமையாலும் தசைகள் சுருங்கின. எழ முயன்றால் கால்கள் தாங்காமல் மீண்டும் விழுந்துவிடும் நிலைக்கு அவர் வந்திருந்தார்.

பயன்படுத்தாத தசை மெலிந்துபோகும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட கை, கட்டை அவிழ்க்கும்போது இளைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நரம்பு கெட்டுத் தசை கரைவது வேறு; புழங்காமல் தசை மெலிவது வேறு. பின்னது பெரும்பாலும் திரும்பி வரும். ரமணரின் கால்கள் திரும்பி வந்தன. மலைமேல் குடியேறிய பிறகு அவர் நாள்தோறும் பாறைகளில் ஏறி இறங்கினார். சுமார் 14 கிலோமீட்டர் கொண்ட மலைவலப் பாதையை 1926 வரை பலமுறை சுற்றி வந்தார். எழுந்து நிற்க முடியாதிருந்த இளைஞரின் கால்கள், பிற்காலத்தில் அந்த மலையின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த கால்களாயின.

1899 முதல் 1916 வரை அவர் விருபாட்ச குகையில் வாழ்ந்தார். 1902-இல் வருவாய்த் துறை அலுவலரான சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் எழுதிக் காட்டிய விடைகளே பின்னாளில் நான் யார் என்ற சிறு நூலாயின. 1907-இல் வடமொழிப் புலவர் கணபதி முனி அவருக்கு ரமண மகரிஷி என்ற பெயரைச் சூட்டினார். புகழ் மெல்லப் பரவியது.

இந்தக் காலத்தில், 1912-இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. பச்சையம்மன் கோயிலிலிருந்து குகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். உடன் பழனிசுவாமி, வாசுதேவ சாஸ்திரி முதலியோர் இருந்தனர். ஆமைப் பாறை அருகே வந்தபோது, கண்முன் வெண்திரை ஒன்றை யாரோ இழுத்து மூடுவதுபோல் காட்சி மறைந்தது. நின்றார், தெளிந்தது, நடந்தார். மீண்டும் அதுபோலவே நேர்ந்தது. மூன்றாம் முறை நடக்க இயலாமல் பாறையருகே அமர்ந்துவிட்டார். மூச்சும் இரத்த ஓட்டமும் நின்றதுபோலாயின. தோல் நீலம் பாரித்தது. அவர் இறந்துவிட்டதாகவே எண்ணிய வாசுதேவ சாஸ்திரி கட்டித் தழுவிக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஏறக்குறைய கால் மணி நேரம் இந்நிலை நீடித்தது. பிறகு உடலுக்குள் ஓர் அதிர்ச்சி பாய்ந்தது, மூச்சு திரும்பியது, வியர்வை பெருகியது. எழுந்து குகைக்கு நடந்து சென்றார். உடலின் பிடி தளர்ந்ததையும், தம்மைக் கட்டிக்கொண்டு சாஸ்திரி நடுங்கியதையும், அவர் அழுததையும் தாம் தெளிவாக அறிந்தே இருந்ததாகப் பின்னர் விளக்கினார்.

இன்று ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் இதயத்துக்கும் மூளைக்கும் சோதனைகள் செய்தே ஆக வேண்டும், செய்யாமலிருப்பது அறிவீனம். அன்று குகையில் அந்த வசதிகள் இல்லை. நிகழ்ந்தது இன்னதென்று கண்டறியப்படவில்லை. மறுநாள் முதல் அவர் வழக்கம்போல் வாழ்ந்தார். அது மீண்டும் வருமா என்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பெயரிடப்படாத ஓர் அறிகுறியோடு அமைதியாக வாழ்வது இயலும் என்பதற்கு அந்த ஆண்டுகள் சான்று. மருத்துவம் எவ்வளவு வளர்ந்தாலும் இந்தத் திறனுக்குத் தேவை குறையப்போவதில்லை. எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகும் காரணம் தெரியவில்லை, ஆனால் ஆபத்தானதும் எதுவுமில்லை என்ற விடையுடன் வீடு திரும்புவோர் இன்றும் பலர்.

தம் உடல் விஷயத்தில் இவ்வளவு அமைதியாக இருந்தவர் பிறர் நோயை அலட்சியமாகக் கண்டார் என்று எண்ணிவிடக் கூடாது. 1914-இல் அவரைக் காண வந்த தாய் அழகம்மாள் கடும் காய்ச்சலில் விழுந்தார். மகன் இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். தாயின் நோய் தீர வேண்டும் என்று அருணாசலத்தை வேண்டிச் செய்யுள்களும் இயற்றினார். தாய் பிழைத்தார். 1916-இல் மகனோடு வாழவே வந்துவிட்ட அவர், 1922 மே 19 அன்று மறைந்தார். அன்று நாள் முழுவதும் ஒரு கையைத் தாயின் தலையிலும் மற்றொன்றை மார்பிலும் வைத்தபடி ரமணர் அருகிலேயே அமர்ந்திருந்தார். தாயின் சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் எழுந்ததே ரமணாசிரமம்.

ஆசிரம வாழ்விலும் உடல் தன் கணக்கை எழுதிக்கொண்டே வந்தது. 1924 ஜூன் 26 நள்ளிரவில் ஆசிரமத்துக்குள் புகுந்த திருடர்கள் அவருடைய இடது தொடையில் அடித்தார்கள். திருப்பித் தாக்க எழுந்த அன்பர்களை அவர் தடுத்தார். பின்னர் முழங்கால்களில் வாதநோய் வந்தது. ஊன்றுகோலின் துணையோடு நடந்தார். அன்பர்கள் தைலம் தேய்த்துவிட்டார்கள்.

1938-இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்கு வந்தபோது ஒரு நிகழ்ச்சி நடந்தது. மகரிஷியைச் சந்திப்பதற்குச் சற்று முன் மாம் மயங்கி விழுந்துவிட்டார். சிறிது நேரத்தில் நினைவு திரும்பியது. மகரிஷி அவர் இருந்த அறைக்கே வந்து சற்று நேரம் அமைதியாக உடனிருந்தார். மயக்கம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தி ஊர் ஊராகப் பரவியபோது, மகானின் அருகாமையில் மாம் சமாதி நிலையை எய்தினார் என்றாகிவிட்டது. தமக்கு அதற்கு முன்பும் பின்பும் அத்தகைய மயக்கம் வந்ததுண்டு என்றும், அதற்கு மருத்துவர்கள் வேறு காரணம் கூறினர் என்றும் மாமே 1958-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். விளங்காத ஓர் உடல் நிகழ்ச்சியை விளங்காததாகவே விட்டுவைக்க மனித மனம் ஒப்புவதில்லை. அன்பர்கள் அதை அற்புதமாக்கினார்கள். அச்சம் கொண்டவர் அதையே கொடிய நோயாக்குவார். சான்றுக்கு முன்னால் முடிவு வந்துவிடுவது இரண்டிலும் ஒன்றே.

இனி அவருடைய இறுதி நோய்க்கு வருவோம். 1948-இன் பிற்பகுதியில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி தோன்றியது. முதலில் எவரும் பெரிதாக எண்ணவில்லை. அது வளர்ந்து வலி தரவே, 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே மருத்துவர்கள் அதை அறுத்து அகற்றினார்கள். புண் ஆறியதாகத் தோன்றியது. தாயின் சமாதிமேல் எழுப்பிய கோயிலின் குடமுழுக்கு மார்ச் 17 அன்று நடைபெற்றது. அதற்குள் கட்டி மீண்டும் தலைகாட்டிவிட்டது. மார்ச் இறுதியில் சென்னையிலிருந்து வந்த மருத்துவர்கள் இரண்டாம் முறை அறுவை செய்தார்கள். எடுத்த திசுவைச் சோதித்ததில், அது சார்க்கோமா எனப்படும் புற்றுநோய் என்பது உறுதியாயிற்று. தசை, கொழுப்பு, நரம்பு உறை போன்ற மென்திசுக்களில் தோன்றும் கொடிய வகை அது.

அக்காலத்தில் சி.டி. ஸ்கேனும் இல்லை, எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இல்லை. கட்டி எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்பதைக் கத்தி காட்டினால்தான் உண்டு. கையை முழங்கைக்கு மேலே வெட்டிவிடுவதே வழி என்று மருத்துவர்கள் கருத்துரைத்தார்கள். அது ஒன்றை மட்டும் அவர் ஏற்கவில்லை. ரேடியம் சிகிச்சை அளித்தார்கள். நாட்டு மருத்துவர் பச்சிலை வைத்துக் கட்டினார். ஹோமியோபதியும் நடந்தது. ஆகஸ்டில் மூன்றாம் அறுவை, டிசம்பரில் நான்காம் அறுவை. அதற்குப் பின் குணமாகும் என்ற நம்பிக்கையை மருத்துவர்களே கைவிட்டார்கள்.

இந்த ஓராண்டுக் காலம் முழுவதும் ஆசிரமம் கவலையில் தோய்ந்திருந்தது. ஒவ்வோர் அறுவைக்குப் பின்னும் நம்பிக்கை. ஒவ்வொரு சோதனை முடிவுக்குப் பின்னும் துயரம். எந்த மருத்துவரை அழைப்பது, எந்த முறையைத் தொடர்வது என்று அன்பர்களுக்குள் கருத்து வேறுபாடுகள். அறுத்திருக்கவே கூடாது என்றனர் சிலர். முன்பே அறுத்திருக்க வேண்டும் என்றனர் சிலர். தீராத நோயாளி உள்ள எந்த வீட்டிலும் நடப்பதுதான் அங்கும் நடந்தது. இதில் கலந்துகொள்ளாதவர் நோயாளி ஒருவர் மட்டுமே.

அவர் மருத்துவத்தைப் புறக்கணிக்கவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தமக்கென்று எந்தச் சிகிச்சையையும் அவர் கேட்டதில்லை; பிறர் அன்போடு கொண்டுவந்ததை மறுத்ததும் அரிது. கத்திக்குக் கையை நீட்டினார், மருந்தை உட்கொண்டார், கட்டுப் போட வந்தவரிடம் ஒத்துழைத்தார். வலியே இல்லை என்று பாசாங்கு செய்யவும் இல்லை. வலி உடலுக்கு இருந்தது. அதை ஒரு பெரும் கதையாக அவர் வளர்க்கவில்லை. இனி என்ன ஆகுமோ என்று அழுதவர்களை அவர்தாம் தேற்ற வேண்டியிருந்தது. அறுவை முடிந்த நாள்களிலும் தரிசனத்துக்குக் காத்திருந்தவர்களை ஏமாற்ற அவர் விரும்பவில்லை. இறுதி நாள்களில் எழ முடியாதபோதும், மக்கள் வரிசையாகச் சிறிய அறையின் வாயிலைக் கடந்து அவரைப் பார்த்துச் செல்ல இசைந்தார்.

1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. மாலையில் மூச்சுத் திணறல் கண்டது. மருத்துவர் பிராண வாயு கொடுக்க முயன்றபோது கையசைத்து வேண்டாம் என்றார். தம்மை உட்காரவைக்கும்படி குறிப்புக் காட்டினார். வெளியே அன்பர்கள் அவர் இயற்றிய அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினார்கள். அவர் கண்களைத் திறந்து பார்த்தார். விழியோரம் நீர் வழிந்தது. இரவு 8.47 மணிக்கு மூச்சு அடங்கியது. அந்நேரத்தில் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலையை நோக்கிச் சென்றதை, அங்கு வந்திருந்த புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் உள்பட பலர் கண்டதாகக் குறித்துள்ளனர். அவருக்கு அப்போது வயது 70.

இந்த வாழ்க்கையின் இரு முனைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 16 வயதில் உடலில் நோய் இல்லை, அச்சம் உச்சத்தில் இருந்தது. 70 வயதில் உடலில் தீராத நோய் இருந்தது, அச்சம் இல்லை. ஆகவே நோயும் அச்சமும் ஒரே பேரேட்டில் எழுத வேண்டிய கணக்குகள் அல்ல. ஒன்றின் அளவை வைத்து மற்றதன் அளவை மதிப்பிட முடியாது. இதைப் புரிந்துகொள்வதற்கு ஞானியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பொருளியல் படித்தவர்களுக்குப் பழக்கமான ஓர் எளிய கணக்கும் இங்கே உதவும். சோதனைத்தாளில் அச்சிடப்படும் இயல்பான அளவு என்பது, பல சோதனைகளில், நலமாக உள்ளவர்களில் 100-க்கு 95 பேரின் அளவுகளை உள்ளடக்குமாறு வகுக்கப்படுவது. அதாவது முழு நலத்தோடு இருப்பவர்களிலும் 5 பேர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 அளவுகளை ஒருவரிடம் எடுத்தால், எந்த நோயும் இல்லாவிட்டாலும் ஒன்றாவது எல்லையைத் தாண்டியிருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. நரம்புச் சோதனையில் பல நரம்புகளை, பல இடங்களில் அளக்கிறார்கள். குளிர்ந்த கையில் நரம்பின் வேகம் குறையும். வயது ஏறினாலும் குறையும். எனவே தனித்து நிற்கும் ஓர் எண் தீர்ப்பு ஆகாது. நோயாளியைத் தொட்டுப் பார்த்து, தசையின் வலிமையைச் சோதித்த மருத்துவர் அந்த எண்ணுக்கு இடும் பொருளே தீர்ப்பு.

தசைத் துடிப்பைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் நலமானவர்களுக்கும் வருவதே. உறக்கக் குறைவு, மிகுதியான காபி, களைப்பு, மனக்கலக்கம் ஆகியவை அதைத் தூண்டும். பௌர்ணமி இரவில் மலைவலம் முடித்தவரின் கெண்டைக்கால் மறுநாள் துடிப்பதில் வியப்பில்லை. கவலைப்பட்டுக் கவனிக்கக் கவனிக்க அது கூடுவதுபோல் தோன்றும் என்பதே அதன் வேடிக்கை. மரத்துப்போதலுக்கு நம் நாட்டில் மிகப் பெரிய காரணம் நீரிழிவு. பி12 உயிர்ச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் காரணங்களாகலாம். இவை சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு.

அதே வேளையில், கையில் பிடித்த டம்ளர் நழுவுவது, நடக்கும்போது பாதம் தொங்கி இடறுவது, ஒரு பக்கத் தசை கண்ணுக்குத் தெரியும்படி இளைப்பது, விழுங்கவோ பேசவோ தடுமாறுவது, நாளுக்கு நாள் வளரும் கட்டி போன்றவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. திருவண்ணாமலையில் அந்தச் சிறு கட்டியை எவரும் முதலில் பொருட்படுத்தவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பாடமே. இன்று மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. காட்டுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்ட பிறகு மிஞ்சும் காத்திருப்பு நாள்கள்தாம் கடினமானவை. அந்த நாள்களில் கவலைப்படுவதால் நரம்பின் வேகம் ஒரு மீட்டர்கூடக் கூடப்போவதில்லை. மகரிஷியின் அமைதியை நம்மால் அப்படியே பெற இயலாது. அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் அவர் கைக்குக் கட்டுப் போடவிட்டுப் பார்வையாளர்களைச் சந்திக்கப் போனதுபோல, சோதனையை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு நாமும் அன்றைய வேலைக்குத் திரும்பலாம். நமது நோயை எண்ணி நம்மைவிட அதிகமாக வருந்தும் வீட்டாருக்கு, நாம் செய்யக்கூடிய முதல் உதவியும் அதுவே.